ஸ்தோத்திரம் செலுத்துகிறவர்கள் முன்னே வரலாம்

இரண்டாம் மணியும் அடித்தாயிற்று. இனி எழுந்து போக முடியாது. போவதாக இருந்தால் முதல் மணி அடித்தபோதே தலைவலி, வயிற்றுவலி என்று எதையாவது சொல்லிக் கிளம்பியிருக்க வேண்டும், ஆனால் அப்படிச் சொல்லவும் எனக்கு இப்போது வழியில்லை, பூரண சுகம் பெற்றவளுக்குத் தலைவலி எங்கிருந்து வரும். ரூபி என்னை நடுவழியை ஒட்டிய ஓரத்தில் உட்கார வைத்திருக்கிறாள். "இங்கன இரிங்க மதினி, ஐயரு கூப்பிட்டதும் எந்திரிச்சுப் போக லேசா இருக்கும்லா" என்று தோளைப் பிடித்து அமுக்கிவிட்டு அவள் உள்பக்கம் நகர்ந்துகொண்டாள். என் கணவரின் தங்கை. என் சுகத்தில் என்னைவிட அவளுக்குச் சந்தோஷம் அதிகம். எங்கள் கிருபாபுரம் கோவிலில் பெண்கள் இடப்பக்கம், ஆண்கள் வலப்பக்கம், நடுவில் சிவப்புக் கம்பளம் விரித்த வழி. கல்யாணத்தன்று அந்த வழியாக நடந்தேன், மகள் கெசியாவுக்கு ஞானஸ்நானம் கொடுக்க அவளைத் தூக்கிக்கொண்டு நடந்தேன், இன்றைக்கு ஸ்தோத்திரம் செலுத்த நடக்க வேண்டும். அறிவிப்புகளை வாசித்து முடித்ததும் ஐயர், எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம், ஸ்தோத்திரம் செலுத்துகிறவர்கள் முன்னே வரலாம் என்பார். பிறந்தநாள்காரர்கள் போவார்கள், கல்யாண நாள்காரர்கள் போவார்கள், வீடு கட்டி முடித்தவர்கள் போவார்கள். நாங்களும் போக வேண்டும். பீடத்துக்கு முன்னால் இருக்கிற மரக் கிராதியில் முழங்கால் போட வேண்டும். என் பெயரைச் சொல்லி, பியூலாவின் மார்பில் இருந்த கட்டியைக் கர்த்தர் கரைத்துப்போட்டார் என்று ஐயர் நன்றி ஜெபம் செய்வார், சபை ஆமென் சொல்லும். கட்டி கரையவில்லை. அது இருக்கிறது. காலையில் குளிக்கும்போது பார்த்தேன். இது தெரிந்தவர்கள் இந்தக் கோவிலில் நானும் கடவுளும் மட்டும்தான், இரண்டு பேருமே வாயைத் திறக்கவில்லை.

பாவ அறிக்கைக்கு முழங்கால்படியிடச் சொல்கிறார்கள். பெஞ்சுகள் கிறீச்சிடுகின்றன, சேலைகள் சரசரக்கின்றன, எல்லோரும் ஒரே குரலில் ஆரம்பிக்கிறார்கள். என் வாயும் ஆரம்பிக்கிறது. இந்த ஜெபத்துக்கு என் தயவு தேவையில்லை, அது தானாகவே நாக்கில் ஓடும். போஸ்டாபீஸ் கவுண்டரில் உட்கார்ந்து முத்திரை குத்துகிற கைக்கு எப்படி மனசு வேண்டாமோ அப்படி. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் இந்தச் சொற்களைச் சொல்லிக்கொண்டே மதியக் குழம்புக்குத் தேங்காய் இருக்கிறதா என்று யோசித்திருக்கிறேன், அதற்காகக் கடவுள் கோபித்துக்கொள்ளவும் இல்லை, தேங்காயும் எப்போதும் இருந்தது. இன்றைக்கு ஒவ்வொரு சொல்லும் நின்று நின்று போகிறது. சோப்புப் போடும்போது இடது பக்கம் கையைக் கொண்டுபோகாமலேதான் இத்தனை நாளும் குளித்தேன். அங்கே மட்டும் தண்ணீரை மொண்டு ஊற்றிவிட்டுத் துண்டை எடுத்துவிடுவேன். தொட்டுப் பார்ப்பதே அவிசுவாசம் என்று, எனக்காக வீட்டுக்கு வந்து ஜெபித்த அருள்தாஸ் அண்ணன் சொல்லியிருந்தார். இன்றைக்கு என்ன நினைத்தேனோ, கையை உயர்த்தி, விரல் நுனியை வைத்துத் தேடினேன். தேடவே வேண்டியிருக்கவில்லை. முன்பு கொண்டைக்கடலை மாதிரி இருந்தது, இப்போது நெல்லிக்காய். அழுத்தினால் நழுவாமல் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. குழாயை மூடிவிட்டு அப்படியே நின்றேன். வெளியே என் கணவர், "ஏளா, நேரமாச்சு, சீக்கிரம் வா" என்று கூப்பிட்டார். குரலில் அவ்வளவு உற்சாகம். "வாரேன்" என்றேன். வேறு என்ன சொல்ல. சட்டையைத் தேய்த்து, எனக்குச் சேலையைத் தேய்த்து, காணிக்கைக் கவரில் பெயர் எழுதி மேசைமேல் வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்த மனிதரிடம் குளியலறைக் கதவைத் திறந்து என்னத்தைச் சொல்ல.

அவர் இங்கிருந்து தெரிகிறார். வலப்பக்கம் எனக்கு முன்னால் இரண்டு பெஞ்சு தள்ளி உட்கார்ந்திருக்கிறார், பின்கழுத்து தெரிகிறது, நேற்று முடி வெட்டிக்கொண்டதால் கழுத்தில் வெள்ளையாக ஒரு கோடு. ஞானதுரை என்றால் மின்வாரியத்தில் எல்லோருக்கும் தெரியும். லைன் அணைத்தாயிற்று என்று எந்தக் கொம்பன் வந்து சொன்னாலும் தானே சோதித்துப் பார்க்காமல் கம்பியில் கை வைக்கமாட்டார், தனக்குக் கீழே வேலை செய்கிறவர்களையும் வைக்கவிடமாட்டார், அதனால்தான் அவருடைய ஆட்களில் ஒருத்தருக்கும் ஒன்றும் ஆனதில்லை. சத்தம் போட்டு ஜெபிக்கிறவர்களைக் கண்டால் முன்பெல்லாம் கேலி செய்வார். "கடவுளுக்கு என்ன காது கேக்கலயா, இந்தக் கத்து கத்துதான்?" என்று என் காதுக்குள் சொல்லிச் சிரிக்க வைப்பார். ஜெபத்தில் சிரித்ததற்காக என் மாமியாரிடம் நான் ஏச்சு வாங்கியிருக்கிறேன். அந்த மனிதர் இந்த மனிதராக ஆனது ஆஸ்பத்திரியிலிருந்து பஸ்ஸில் திரும்பி வந்த அந்த ஒரு சாயங்காலத்தில். டாக்டரம்மா நல்ல மாதிரி, அவசரப்படாமல் பேசினார்கள். "ஊசி வச்சு எடுத்ததுல சரியாத் தெரியல. சின்ன ஆப்பரேஷன் பண்ணி எடுத்துப் பாத்திரணும்மா. தள்ளிப்போடாதீங்க" என்றார்கள். எடுத்துப் பார்ப்பது என்ற சொல்லைக் கேட்டதும் இவர் முகம் போன போக்கை நான் பார்த்தேன். இவருடைய அக்காவுக்கும் இதேதான். ஆப்பரேஷனுக்கு நடந்து போனவளைத் திரும்பக் கொண்டுவரும்போது இவர்தான் இரண்டு கையிலும் தூக்கி வந்தாராம், கோழிக்குஞ்சு கனம்தான் இருந்தாளாம். பஸ்ஸில் என் கைப்பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு வழியெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டே வந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலோரம் முழங்கால் போட்டார். அப்போது வந்த சத்தம் ஜெபம்தானா என்று எனக்குத் தெரியாது. அடுக்களையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு வந்திருக்கிற வியாதியைவிட அந்தச் சத்தம்தான் என்னைப் பயமுறுத்தியது.

பாட்டுக்கு எழுந்து நிற்கிறோம். ரூபி பாட்டுப் புத்தகத்தை என் பக்கம் சாய்க்கிறாள். பாட்டு எனக்குப் பிடிக்கும், வார்த்தை பிடிக்கவில்லை என்றாலும் ராகம் பிடிக்கும், மூச்சை இழுத்து நெஞ்சு நிறையப் பாடும்போது சந்தேகம் எல்லாம் கொஞ்சம் நேரத்துக்கு ஒதுங்கி நிற்கும். இன்றைக்கு நெஞ்சு நிறைய மூச்சை இழுக்கப் பயமாக இருக்கிறது. உள்ளே அது இருக்கிறது, அதையும் சேர்த்துத்தான் பாட வேண்டும். பாட்டைக் கேட்டால் அது வளருமோ என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு. சிரிப்பு வருகிறது. கோவிலில் சிரிக்கிற புத்தி எனக்கு எங்கள் அப்பாவிடமிருந்து வந்திருக்காது, அவர் ஜெபத்தில் ரொம்பக் கறார். ராச்சாப்பாட்டுக்கு முந்தி குடும்ப ஜெபம், சோறு ஆறி அவலாகிற வரைக்கும் போகும். கடவுளிடம் அவர் கேட்டது குறைவு, சேதி சொன்னதுதான் அதிகம். ஆண்டவரே, இன்றைக்கு மழை பெய்தது, பெரியவளுக்குக் காய்ச்சல் விட்டது, ஹெட்மாஸ்டர் மாற்றலாகிப் போகிறார் என்று வரிசையாகச் சொல்வார். சின்ன வயதில் நான் நினைத்துக்கொண்டிருந்தேன், கடவுள் வெளியூரில் வேலை பார்க்கிறார், ஊர்ச் சேதி ஒன்றும் அவருக்குத் தெரியாது, அதனால் அப்பா தினமும் சொல்கிறார் என்று. பெரியவளான பிறகு அது தப்பு, அவருக்கு எல்லாம் முன்னமே தெரியும் என்று ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். எல்லாம் தெரியும் என்றால் பிறகு எதற்குச் சொல்ல வேண்டும் என்று கேட்டதற்கு டீச்சர் என்னை எழுந்து நிற்க வைத்தார்கள். இப்போதும் அதைத்தான் கேட்கிறேன். அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும், இந்தக் கிராதிக்கு முன்னால் போய் இரண்டு பேருக்கும் தெரிந்த ஒன்றுக்கு நேர்மாறானதைச் சொல்லி அதற்கு நன்றியும் சொன்னால் அதற்குப் பெயர் என்ன. ரூபி முழங்கையால் இடித்து, "மதினி, அடுத்த சரணம்" என்கிறாள்.

அருள்தாஸ் அண்ணன் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு சுலபம். வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் வீட்டு முன்னறையில் ஜெபக்கூட்டம் நடத்தினார், ஒரு காபிகூடக் குடிக்கமாட்டார், எனக்காகத் தன் வயிற்றைக் காயப்போட்ட மனிதர். பாய் விரித்து எல்லோரும் உட்கார்ந்து உபவாசம் இருந்தோம். பக்கத்து வீட்டுச் சாம்பார் வாசம் ஜன்னல் வழியாக வரும், எனக்குக் கண்ணை மூடினால் கடவுள் வரமாட்டார், முருங்கைக்காய்தான் வரும். கடைசி நாள் அண்ணன் என் தலைமேல் கை வைத்தார். கனமான கை. சுற்றிலும் ஆளுக்கொரு குரலில் கதறுகிறார்கள், மின்விசிறி ஓடுகிறதா நின்றுவிட்டதா தெரியவில்லை, காலை முதல் பச்சைத் தண்ணீரும் படாத நாக்கு, எனக்குத் தலை சுற்றுகிறது. அண்ணன் குனிந்து என் முகத்துக்கு நேராகக் கேட்டார். "தங்கச்சி, சொல்லு, இப்பம் வலி இருக்கா?" நான், "இல்ல" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அது என்றைக்குமே வலித்ததில்லை. வலிக்காத கட்டிதான் மோசம் என்று டாக்டரம்மா சொன்னது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் ஞாபகம் இருந்தது. ஆனால் அந்த ஒற்றைச் சொல்லுக்கு எழும்பிய சத்தம் இருக்கிறதே, அல்லேலூயா என்று கூரையே எழும்பிவிட்டது, இவர் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார், இத்தனை பேர் முன்னால் என்னைத் தொட்டே பழக்கமில்லாதவர். அதற்கு மேல் எப்படி இல்லை இல்லை, நான் சொன்னது வேறு என்று சொல்ல. பொய் சொல்வானேன், நானும் நம்பினேன். இரண்டு மூன்று நாள் உடம்பே லேசாக இருந்தது. பிரியாணி வாங்கிவரச் சொல்லிச் சாப்பிட்டேன். கெசியாவுக்கு போன் போட்டுச் சிரித்துச் சிரித்துப் பேசினேன். இது உண்மையாகவே நடந்தால்தான் என்ன, எத்தனை பேருக்கு நடந்ததாகச் சொல்கிறார்கள், எனக்கு நடக்கக் கூடாதா என்று ஆசை. அந்த ஆசைமேல் எனக்கு இப்போது கோபமே வரவில்லை, பரிதாபமாக இருக்கிறது.

பிறகுதான் சட்டங்கள் வந்தன. இருக்கு என்று சொல்லக் கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போனால் வாங்கின சுகத்தை நாமே திருப்பிக் கொடுத்த மாதிரி. பயம் வந்தால் பயம் என்று சொல்லாமல் சத்துருவின் தந்திரம் என்று சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது இவர் எடுத்து, "எங்களுக்குச் சுகமாயிட்டுதும்மா, நன்றி" என்று வைத்துவிட்டார். எங்கள் வீட்டில் இருக்கு என்ற அந்த ஒரு சொல்லையே யாரும் சொல்வதில்லை, தயிர் எப்படி என்று கேட்டால்கூட இவர் நல்லா உறைஞ்சிட்டு என்கிறார். ஒருநாள் காலையில் சட்னி அரைத்துக்கொண்டே, "ஏங்க, ஒருக்கப் போயி காட்டிட்டுத்தான் வந்திருவோமா? சுகமாயிட்டுன்னு அவங்க வாயாலேயே சொல்லட்டுமே" என்று சும்மா பேச்சுவாக்கில் விட்டுப் பார்த்தேன். இவர் இட்லியைப் பிய்த்த கையோடு அப்படியே இருந்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு நானும் கோபப்பட்டிருப்பேன், அதெல்லாம் எனக்கு நன்றாக வரும். "நீ சந்தேகப்படாத பியூலா. ஒன்னக் கும்பிடுதேன், சந்தேகம் மட்டும் படாத" என்றார். புருஷன் பெண்டாட்டியைக் கும்பிடுகிறேன் என்று சொல்லும்போது பெண்டாட்டி என்ன செய்வாள். தட்டில் இன்னொரு இட்லியை வைத்தேன். அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது, என் உடம்பை வைத்து ஒரு கட்டடம் எழுப்பியிருக்கிறார்கள், கீழே இருக்கிற நான் அசைந்தால் மேலே இருக்கிற எல்லாம் சரியும்.

பிரசங்கம் ஆரம்பித்து எவ்வளவு நேரம் ஆயிற்று, நான் எங்கேயோ இருந்திருக்கிறேன். புது ஐயர், சின்ன வயது, கண்ணாடியைத் தள்ளித் தள்ளி விட்டுக்கொள்கிறார். மெய்யான ஆராதனை என்றால் என்ன என்று பேசுகிறார். இடத்தில் இல்லையாம், மலையில் இல்லையாம், பெரிய கோவிலில் இல்லையாம். இதைப் பெரிய கோவிலில் நின்றுகொண்டு சொல்கிறார். வேதத்தில் கிணற்றடிக்குத் தண்ணீர் மொள்ள வந்து கர்த்தரோடு பேசிய அந்தப் பெண்ணின் கதைதான், எத்தனை தடவை கேட்டது. ஆவியில் தொழ வேண்டும் என்பதை விரித்து விரித்துச் சொல்கிறார், வாய் வேறு மனம் வேறாக இருக்கக் கூடாது என்கிறார், பின்னால் யாரோ கொட்டாவி விடுகிறார்கள். எனக்கு அந்தப் பெண்தான் ஞாபகத்தில் நிற்கிறாள். அவள் அன்றைக்கு ஜெபம் ஒன்றும் பண்ணவில்லை. பாட்டுப் பாடவில்லை. முதலில் மழுப்பினாள், தண்ணீரைப் பற்றிப் பேசினாள், பெரியவர்களின் வழக்கத்தைப் பற்றிப் பேசினாள், கடைசியில் எனக்குப் புருஷன் இல்லை என்று தன் வீட்டு நிலவரத்தில் பாதி உண்மையைச் சொன்னாள், ஐந்து பேர் இருந்தார்கள் என்ற மீதிப் பாதியைக் கர்த்தர் சொன்னார். அவ்வளவுதான் நடந்தது. அதற்குப் பிறகுதான் ஆராதனை என்ற பேச்சே வந்தது. ஐயர் அந்த இடத்தை வேகமாகத் தாண்டிப் போய்விட்டார், மூன்றாவது குறிப்புக்கு வந்துவிட்டார். நான் அங்கேயே நிற்கிறேன்.

நான் ஜெபிக்காமல் இல்லை. படுக்கையில் இவர் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு ஜெபிக்கிறேன். முதலில் இதை எடுத்துப்போடும் என்று கேட்டேன். பிறகு கெசியா படிப்பை முடிக்கிற வரைக்குமாவது என்று கேட்டேன். பிறகு அவளுக்குக் கல்யாணம் ஆகிற வரைக்கும், பிறகு அவள் பிள்ளைப்பேறு வரைக்கும், காய்கறிக்காரியிடம் பேரம் பேசுகிற என் புத்தி அங்கேயும் வந்துவிட்டது. ஒருநாள் பாதி ஜெபத்தில் எனக்கே அசிங்கமாகி நிறுத்திவிட்டேன். அதற்குப் பிறகு கண்ணை மூடினால் கடவுள் இருக்கிற இடத்தில் இவருடைய முகம்தான் வருகிறது. இட்லியைப் பிய்த்த கையோடு உட்கார்ந்திருந்த முகம். அந்த முகத்துக்கு வருத்தம் வராதபடி எனக்குச் சுகம் கொடும் என்று கேட்கிறேன். இது கடவுளிடம் கேட்பதா, இவரிடம் கேட்பதா. எனக்கு இருக்கிற சந்தேகம் கடவுள் இருக்கிறாரா என்பது இல்லை. இருக்கிறார், அதில் எனக்கு எப்போதும் தகராறு இல்லை. நான் பொய் சொல்கிற இடத்துக்கு அவர் வருவாரா என்பதுதான். இங்கே இத்தனை பேர் கூடியிருக்கிறோம், வெள்ளைச் சட்டை, பட்டுச் சேலை, மல்லிகைப்பூ, ஒவ்வொருத்தர் முந்தானைக்குள்ளும் என்னென்ன இருக்கிறதோ, யாரும் சொல்வதில்லை, எல்லோரும் சுகம் சுகம் என்கிறோம். செத்துப்போவேனோ. இந்தச் சொல்லை மனசுக்குள் இப்போதுதான் முழுதாகச் சொல்கிறேன். செத்துப்போவேனோ. எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது. அக்கம்பக்கம் பார்க்கிறேன், யாருக்கும் கேட்கவில்லை, ரூபி வேதப்புத்தகத்தில் கோடு போட்டுக்கொண்டிருக்கிறாள்.

அறிவிப்புகள். செவ்வாய்க்கிழமை பெண்கள் ஐக்கிய சங்கம். சபை விருந்துக்கு அசனக் கமிட்டிக் கூட்டம் ஆராதனை முடிந்ததும் உண்டு. பிறகு கல்யாண ஓலை வாசிக்கிறார், இந்தப் பையனுக்கும் இந்தப் பெண்ணுக்கும் விவாகம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது, தடை சொல்கிறவர்கள் இருந்தால் சொல்லலாம். யாரும் சொல்லமாட்டார்கள். நான் கேட்டதிலேயே யாரும் தடை சொன்னதில்லை. ஆனாலும் ஐயர் ஒரு கணம் நிறுத்தித் தலையை நிமிர்த்திப் பார்க்கிறார், அது முறை. கெசியாவின் ஓலையை இந்தக் கோவிலில் வாசிக்கும்போது நான் இந்தப் பெஞ்சில் இருப்பேனா. ஆஸ்பத்திரிக்குப் போனால் இருக்கலாம், போகாவிட்டால் இருக்கமாட்டேன், கணக்கு இவ்வளவு நேரானது, இதைப் போய் இத்தனை நாளாகச் சுற்றி வளைத்திருக்கிறேன். இப்போது முன்னே போய் நன்றி சொல்லிவிட்டால் பிறகு எந்த முகத்தோடு ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பது. சபை முழுக்கச் சாட்சி. இவர் ஒருநாளும் விடமாட்டார். "ஸ்தோத்திரம் செலுத்துகிறவர்கள் முன்னே வரலாம்." ரூபி, "போங்க மதினி, போங்க" என்கிறாள், அவள் கண் இப்போதே கலங்கியிருக்கிறது. இவர் எழுந்துவிட்டார். நடுவழியில் நின்று எனக்காகக் காத்திருக்கிறார், கல்யாணத்தன்று நின்றதைவிட நேராக நிற்கிறார். என் கால் எழுந்துகொண்டது. நடக்கிறேன். கம்பளம் மெத்தென்று இருக்கிறது. இவர் என் பக்கம் திரும்பாமலே, "தைரியமா வா" என்கிறார். முதலில் ஒரு பிறந்தநாள் பிள்ளை, அதற்குப் பாட்டு. பிறகு ஒரு கிரகப்பிரவேசம். பிறகு நாங்கள். முழங்கால் போடுகிறேன், கிராதியின் மரம் வழவழவென்று இருக்கிறது, எத்தனை பேர் உள்ளங்கை பட்ட மரம்.

ஐயர் குனிந்து மெதுவாக, "பூரண சுகத்துக்காகத்தான, அண்ணாச்சி?" என்று இவரிடம் கேட்டார். "ஆமாய்யா" என்றார் இவர். ஐயர் நிமிர்ந்து, எங்கள் அன்பான சகோதரி என்று ஆரம்பித்தார், சபை தலை குனிகிற சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டது. "ஐயா, நிறுத்துங்க" என்றேன். என் குரலா என்று எனக்கே தெரியவில்லை. "அது இன்னும் இருக்கு. முந்திக்கு இப்பம் பெருசா இருக்கு." ஐயர் கையில் இருந்த மைக் அதை எடுத்துக் கோவில் முழுக்கக் கொடுத்துவிட்டது. எங்கேயோ ரூபி, "ஐயோ மதினி" என்றாள். ஐயர் மைக்கை அணைத்தார். நான் இவர் பக்கம் திரும்பினேன். என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், இத்தனை பேர் முன்னால் என்னை விட்டுவிட்டு எழுந்து போகட்டும் என்று இருந்தேன். இவர் மூடின கண்ணைத் திறக்கவில்லை. "தெரியும்" என்றார்.

"என்னது?"

"எனக்குத் தெரியும்ளா. நீ தூங்கும்போது தொட்டுப் பாப்பேன். தினமும் பாப்பேன்."

"தெரிஞ்சுமா இங்கன கூட்டிட்டு வந்திய?"

இவர் கிராதியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "நான் வேற என்ன செய்ய, பியூலா? கேட்டுக் கேட்டுப் பாத்தாச்சு. நன்றி சொல்லிட்டா, வாங்குன நன்றிக்காவது செய்வாருன்னு நெனச்சேன்." சொல்லிவிட்டு இவர் அழுதார், கட்டிலோரம் கேட்ட சத்தம் இல்லை, சத்தமே இல்லாமல், மூக்கு நுனியிலிருந்து தேய்த்த சட்டைமேல் சொட்டுச் சொட்டாக. எனக்கு ஒரு கணம் ஆத்திரம் வந்தது, இத்தனை நாளும் ஒரே கட்டிலில் ஆளுக்கொரு பக்கம் இதே பயத்தை ஒளித்து வைத்துக்கொண்டு படுத்திருந்தோமே என்று. பிறகு ஆத்திரமும் போயிற்று. "நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்றேன். சரியென்று தலையை அசைத்தார். ஐயர் எங்களோடு கிராதிக்கு அந்தப் பக்கம் முழங்கால் போட்டு உட்கார்ந்துவிட்டார், கண்ணாடிக்குள் அவர் கண் பிள்ளைக் கண்ணாக இருந்தது.

"நான் இப்பம் என்னன்னு ஜெபிக்கட்டும்மா?" என்று கேட்டார்.

யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. பக்கத்தில் இவர் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

"எங்க ரெண்டு பேருக்கும் பயமா இருக்குன்னு சொல்லுங்கய்யா" என்றேன். "அது போதும்."